நாளிதழ் வழி வந்த மருந்துகள்

நூறு ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் வெளிவந்த நாளிதழ் ஒன்றைப் புரட்டினால், கப்பல் புறப்படும் நாள், இரப்பர் விலை ஆகியவற்றுக்கு இடையே மருந்து விளம்பரங்களும் கண்ணில் படும். களைப்பைப் போக்கும் சத்து மருந்து, இரத்தத்தைத் தூய்மையாக்கும் மாத்திரை, எல்லா வலிக்கும் ஒரே தைலம் என அவை பல வகைப்படும். அவற்றைப் படித்தவர்கள் யார்? அவை கூறியவற்றை நம்பலாமா? இக்கேள்விகள் இன்றும் நமக்குப் பயன்படுபவை.

நோயும் வாசகரும்

அக்காலத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் நோய் மிகுந்திருந்தது. இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் சுவெட்டன்ஹாம் துறைமுகம் 1901இல் திறக்கப்பட்டது. சில மாதங்களுக்குள்ளேயே அங்கு மலேரியா கடுமையாகப் பரவியது. கிள்ளானில் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டச் செய்து கொசுக்கள் பெருகுவதைத் தடுத்தார். அதனால் துறைமுகப் பகுதியில் காய்ச்சல் குறைந்தது. ஆனால், காடழித்து உருவாக்கப்பட்ட இரப்பர்த் தோட்டங்களில் காய்ச்சல் தொடர்ந்து உயிர்களைப் பறித்தது.

அந்நாளில் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இரயில்வே ஊழியர்களும் எழுத்தர்களும் வாழ்ந்தனர். இலங்கையிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்த தமிழர் பலர் அவர்களுள் அடங்குவர். கல்வியும் மாத வருமானமும் உடைய இத்தகையோரே விளம்பரதாரர்கள் நாடிய வாசகர்கள். மருத்துவரைத் தேடிச் செல்லாமல் கடையிலோ அஞ்சல் வழியோ வாங்கக்கூடிய மருந்து, அவர்களுக்கு எளிய வழியாகத் தோன்றியதில் வியப்பில்லை.

இதழும் மருந்தும்

விளம்பர வருவாய் இல்லாமல் நாளிதழ் நடத்துவது கடினம். நாளிதழ் இல்லாமல் மருந்தை ஊரறியச் செய்வதும் கடினம். ஆகவே, இரண்டும் ஒன்றையொன்று சார்ந்து வளர்ந்தன. சில வேளைகளில் மருந்து விற்றவரே இதழ் நடத்தவும் முன்வந்தார்.

காசிநாதுனி நாகேசுவர ராவ் 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சன் தைலத்தை விற்கத் தொடங்கினார். இசைக் கச்சேரிகளில் அதனை இலவசமாக வழங்கி மக்களுக்கு அறிமுகப்படுத்தினார். இவரே 1908இல் 'ஆந்திர பத்திரிகா' என்னும் தெலுங்கு இதழையும் தொடங்கினார். நம் வட்டாரத்திலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. புலித் தைலத்தை உலகறியச் செய்த ஔ பூன் ஹாவ், 1926இல் இரங்கூனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தார். 1929இல் அங்கு 'சின் சியூ ஜிட் போ' என்னும் சீன நாளிதழை நிறுவினார். தம் தைலத்துக்கு விளம்பரம் தேடுவதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. புலித்தலை பொருத்திய அவருடைய மகிழுந்தும் ஊரெங்கும் ஓடிய விளம்பரமாக விளங்கியது.

நற்சான்று என்னும் உத்தி

அக்கால விளம்பரங்களுள் பெரும்புகழ் பெற்றது, கனடாவிலிருந்து உலகெங்கும் பரவிய 'டாக்டர் வில்லியம்ஸ் இளஞ்சிவப்பு மாத்திரை'யின் விளம்பரமாகும். அது பெரும்பாலும் செய்தியைப் போலவே அச்சிடப்பட்டது. நெடுநாள் நோயால் வாடிய ஒருவர், பல மருந்துகளால் பயன் பெறாமல், இறுதியில் இம்மாத்திரையால் நலம் பெற்றதாகக் கதை அமைந்திருக்கும். சிங்கப்பூர், மலாயா நாளிதழ்களில் உள்ளூர்வாசிகள் தந்தவையாகவும் நற்சான்றுகள் வெளிவந்தன. நம் ஊர்க்காரர் ஒருவரே நலம் பெற்றார் என்று படிக்கும்போது யாருக்குத்தான் நம்பிக்கை பிறக்காது?

ஆனால், நற்சான்று வேறு. மருத்துவச் சான்று வேறு. பல நோய்கள் மருந்தின்றித் தாமாகவே தணியும். அப்போது உட்கொண்ட மருந்துக்கே புகழ் சேரும். குணமாகாதவர்களின் கடிதத்தை விளம்பரதாரர் அச்சிடமாட்டார். எனவே, நூறு நற்சான்றுகள் இருந்தாலும், எத்தனை பேர் ஏமாந்தனர் என்பது அவற்றால் தெரியாது.

பெட்டிக்குள் இருந்தது என்ன?

பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் இம்மருந்துகள் பலவற்றை ஆய்வுக்கூடத்தில் பகுத்தாய்ந்து, 1909இல் அவற்றின் இரகசியங்களை நூலாக வெளியிட்டது. இளஞ்சிவப்பு மாத்திரையில் முக்கியமாக இருந்தது இரும்புச் சத்து. இரத்தசோகைக்கு இரும்புச் சத்து உதவும் என்பது உண்மையே. ஆயினும், அம்மாத்திரை பக்கவாதத்தையும் குணப்படுத்தும் என்று விளம்பரப்படுத்தப்பட்டது. சிறிதளவு உண்மையின்மேல் பெரிய பொய் கட்டப்பட்டிருந்தது. இங்கிலாந்தில் புகழ்பெற்ற பீச்சம் மாத்திரையில் கற்றாழைச் சாறு, இஞ்சி, சவர்க்காரம் ஆகியவை இருந்தன. அப்பொருள்களின் மதிப்பு, விற்பனை விலையில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

கோலாலம்பூரில் ஒரு சோதனை

அதே காலத்தில் உண்மையான மருத்துவ விடை ஒன்று கோலாலம்பூரிலேயே கிடைத்தது. கால்கள் வலுவிழந்து, உடல் வீங்கி, இதயம் செயலிழந்து மக்கள் மடியக் காரணமான பெரிபெரி நோய் அன்று மலாயாவை அச்சுறுத்தியது. புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களிடையே இந்நோய் அரிதாகக் காணப்பட்டதை மருத்துவர்கள் கவனித்தனர்.

மருத்துவர் வில்லியம் பிளெட்சர் 1905ஆம் ஆண்டின் இறுதியில், கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் ஒரு சோதனையைத் தொடங்கினார். நோயாளிகளை வரிசையாக எண்ணி, ஒற்றைப்படை எண்ணினருக்குத் தீட்டிய பச்சரிசிச் சோறும் இரட்டைப்படை எண்ணினருக்குப் புழுங்கல் அரிசிச் சோறும் கொடுத்தார். ஓராண்டில் பச்சரிசி உண்டவர்களிடையே பெரிபெரி பரவிப் பலர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்டவர்களை அந்நோய் புதிதாகத் தாக்கவில்லை. நெல்லை அவிக்கும்போது, தவிட்டில் உள்ள பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பின்னாளில் தெளிவாயிற்று.

நோயாளிகளின் ஒப்புதலின்றி இத்தகைய சோதனையை இன்று நடத்த முடியாது. எனினும், இரு குழுக்களை ஒப்பிட்டுப் பார்க்கும் அம்முறை, ஆயிரம் நற்சான்றுகளால் கிட்டாத தெளிவைத் தந்தது. பெரிபெரியைத் தடுக்கும் வழி, நம் வீட்டுச் சமையலறையிலேயே இருந்தது.

இன்று நம் கடமை

நாளிதழில் வந்த விளம்பரம் இன்று புலனத்திலும் முகநூலிலும் வருகிறது. உத்தி மட்டும் மாறவில்லை. நம் நாட்டில் 1956ஆம் ஆண்டின் மருந்து (விளம்பரம், விற்பனை) சட்டம் நடப்பில் உள்ளது. நீரிழிவு, பக்கவாதம், புற்றுநோய் உள்ளிட்ட சில நோய்களைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதை அச்சட்டம் தடை செய்கிறது. பதிவு பெற்ற மருந்தின் உறையில் 'எம்.ஏ.எல்.' எனத் தொடங்கும் எண் இருக்கும். அனுமதி பெற்ற மருந்து விளம்பரத்தில் 'கே.கே.எல்.ஐ.யு.' எண் இருக்கும்.

விளம்பரத்தைக் கண்டு பாட்டி ஒரு சத்து மருந்தை வாங்க விரும்பினால், அவரைக் கேலி செய்ய வேண்டாம். நலம் பெற வேண்டும் என்ற ஆசை எவருக்கும் இயல்பானது. அவரோடு அமர்ந்து அந்த எண்களைத் தேடிப் பாருங்கள். மருத்துவரையோ மருந்தாளரையோ கேளுங்கள். குறிப்பாக, மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிடச் சொல்லும் விளம்பரத்தை ஒருபோதும் நம்பாதீர்கள். அதனால் இழக்க நேர்வது பணம் மட்டுமன்று, உயிரும்தான்.

சிந்தித்து விடையளித்திடுக

1. அக்கால நாளிதழ்களும் மருந்து வணிகமும் ஒன்றையொன்று எவ்வாறு சார்ந்திருந்தன?
2. 'சிறிதளவு உண்மையின்மேல் பெரிய பொய்' என்னும் தொடரைப் பகுதியின் துணையுடன் விளக்குக.
3. நற்சான்றுக்கும் பிளெட்சரின் சோதனைக்கும் உள்ள வேறுபாடு யாது?
4. நீர் அண்மையில் கண்ட மருந்து விளம்பரம் ஒன்றை இப்பகுதியின் கருத்துகளைக் கொண்டு மதிப்பிடுக.