வீட்டு வரியும் பள்ளி அலமாரியும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கொடைக்கானல் செல்வோர் கடந்து போகும் ஊர் வத்தலக்குண்டு. தமிழ் உரைநடை வரலாற்றில் இவ்வூருக்குத் தனியிடம் உண்டு. ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய பி.ஆர். ராஜமையர் 1872 இல் பிறந்தது இங்கேதான். ‘மணிக்கொடி’ இதழை நடத்திய பி.எஸ். ராமையா இவ்வூரினர். ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பாவின் இளமையும் இவ்வூரோடு பிணைந்தது. தாம் பதிப்பித்த நூல்களைத் தாமே சுமந்து, கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றவர் அவர். நூலைப் படிப்போர் கையில் சேர்க்கும் சுமையை ஒரு மனிதரின் தோள் எத்தனை நாள் தாங்கும்? அதற்குப் பொதுப்பணம் வேண்டும்.

அப்பணத்திற்குச் சட்டத்தின் வழியே நிலையான ஊற்றுக்கண் அமைத்தது அன்றைய சென்னை மாகாணம். நூலக அறிவியல் அறிஞர் சீ.இரா. அரங்கநாதனின் இடைவிடாத முயற்சியால், கல்வி அமைச்சர் தி.சு. அவினாசிலிங்கம் காலத்தில், 1948 இல் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. வீட்டு உரிமையாளர் செலுத்தும் சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் இன்று நூலக வரி சேர்கிறது. பேரூராட்சியில் வரி கட்டுபவர், தம் ஊர்ப் பொது நூலகத்திற்கும் ஒரு பங்கு கொடுத்துவிட்டே வீடு திரும்புகிறார். அவர்களுள் பலர் இதனை அறிவதில்லை.

பள்ளி நூலகத்தின் நிலை வேறு. நூலக வரி பொது நூலகங்களுக்கே உரியது. பள்ளி அலமாரிக்கு வருவதில்லை. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் நாளிதழ், பருவ இதழ், கதைநூல்கள் உள்ளிட்டவற்றைக் கொண்ட நூலகம் வேண்டும் என்கிறது. எனினும் அச்சட்டம் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது. மேல்நிலை வகுப்பு மாணவர் அதன் எல்லைக்குள் வாரார். 2018-19 இல் தொடங்கிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமே அவர்களையும் சேர்த்துக்கொண்டது. அதன்படி அரசுப் பள்ளிகளுக்கு வகுப்பு நிலைக்கேற்ப ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியம் உண்டு. ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 என்னும் விழுக்காட்டில் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. வரி, சட்டம் உள்ளவரை வரும். மானியமோ திட்டம் உள்ளவரைதான் வரும்.

ஒரு நூலின் விலை 200 ரூபாய் எனக் கொள்வோம். 20,000 ரூபாய்க்கு நூறு நூல்கள் கிடைக்கும். ஆயிரம் மாணவர் பயிலும் பள்ளியில் அது பத்துப் பேருக்கு ஒரு நூல். இத்தொகை சிறிதே. அதனாலேயே எந்த நூறு நூல்கள் என்னும் வினா பெரிதாகிறது. ஆண்டு முடிவதற்குள் செலவிட்டாக வேண்டும் என்ற அவசரத்தில் வாங்கப்படும் நூல்கள் தேர்வு வழிகாட்டிகளாகவும், ஒரே நூலின் பல படிகளாகவும் அமைந்துவிடக்கூடும். பின்னர் அவை இருப்புப் பதிவேட்டில் எண் பெற்று, அலமாரிக்குள் பூட்டப்படும். தணிக்கையின்போது ஒன்றும் குறைந்திருக்கக் கூடாதே என்னும் அச்சமும் பூட்டுக்குக் காவல் நிற்கும். அரங்கநாதன் 1931 இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் முதலாவது, நூலைக் காப்பதினும் பயன்படுத்துவதையே முன்வைத்தது.

நூறு பேர் படித்துக் கிழிந்த நூலைப் பதிவேட்டிலிருந்து முறைப்படி நீக்குவது இழப்பன்று. மானியம் தன் பணியைச் செய்தது என்பதற்குச் சான்று. இனி, கொள்முதலுக்கு முன்பே மாணவர் தமக்கு வேண்டிய நூல்களின் பெயரை எழுத ஒரு குறிப்பேடு நூலக மேசைமேல் இருக்கலாம். வத்தலக்குண்டில் அதன் முதல் வரியில் ‘கமலாம்பாள் சரித்திரம்’ இடம்பெறக்கூடும்.