தனித்து இயங்கும் கருவிகளும் பொதுக் கம்பியும்

வீட்டில் ஒரு விளக்கை அணைத்தால் மற்ற விளக்குகள் அணைவதில்லை, மின்விசிறியும் நிற்பதில்லை. அவை யாவும் பக்க இணைப்பில் அமைந்திருப்பதே அதற்குக் காரணமாகும். தொடரிணைப்பில் மின்னோட்டத்திற்கு ஒரே பாதைதான் உண்டு. அஃது ஓரிடத்தில் அறுந்தாலும் சுற்று முழுவதும் ஓய்ந்துவிடும். பக்க இணைப்பிலோ ஒவ்வொரு கருவிக்கும் தனிப்பாதை உண்டு. எனினும், எல்லாவற்றிற்கும் கிடைக்கும் மின்னழுத்த வேறுபாடு ஒன்றே. இந்திய வீடுகளில் அது 230 வோல்ட் ஆகும்.

46 ஓம் மின்தடையுள்ள சலவைப்பெட்டி ஒன்றை இம்மின்னழுத்தத்தில் இணைத்தால், ஓம் விதிப்படி 5 ஆம்பியர் மின்னோட்டம் பாயும். அதே மின்தடையுள்ள மின்அடுப்பை அதனுடன் தொடராக இணைத்தால், மொத்த மின்தடை 92 ஓமாக உயரும், மின்னோட்டம் 2.5 ஆம்பியராகக் குறையும். இரண்டு கருவிகளும் போதிய வெப்பம் தரா. பக்க இணைப்பில் இணைத்தாலோ தொகுபயன் மின்தடை 23 ஓமாகக் குறைந்துவிடும். கருவிகள் கூடும்போது மின்தடை குறைவது வியப்பாகத் தோன்றலாம். ஏரியில் திறக்கும் மதகுகள் கூடக்கூட வெளியேறும் நீரும் மிகுவதை எண்ணிப் பார்த்தால் அவ்வியப்பு நீங்கும். ஒவ்வொரு கருவியும் மின்னோட்டத்திற்குத் திறக்கப்பட்ட புதியதொரு மதகாகும்.

இங்குதான் இடர் மறைந்துள்ளது. அடுப்பும் பெட்டியும் தனித்தனியே 5 ஆம்பியரையே பெறுகின்றன; ஒன்றின் வரவை மற்றொன்று உணர்வதில்லை. ஆனால், இரண்டிற்கும் மின்சாரம் கொண்டுவரும் பொதுக் கம்பியில் 10 ஆம்பியர் பாய்கிறது. அதே மின்தடையுள்ள நீர்ச்சூடேற்றியையும் சேர்த்தால் அது 15 ஆம்பியராகிறது. கம்பியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும் என்பது ஜூல் விதி. எனவே, மின்னோட்டம் மும்மடங்கானால் வெப்பம் ஒன்பது மடங்காகும். கருவிகள் வழக்கம்போல் இயங்கிக்கொண்டிருக்க, சுவருக்குள் இருக்கும் கம்பியின் காப்புறை உருகித் தீப்பற்றக்கூடும்.

இதனைத் தடுக்கும் மின்உருகு இழை பொதுக் கம்பியுடன் தொடராக இணைக்கப்படுகிறது. மொத்த மின்னோட்டமும் அதன் வழியே செல்வதால், அளவு மிஞ்சும்போது அது தானே உருகிச் சுற்றைத் துண்டிக்கிறது. உருகிய இழைக்கு மாற்றாகத் தடித்த செப்புக்கம்பியைக் கட்டுவோர், மின்சாரம் மீண்டும் வந்ததென மகிழலாம். ஆனால், அடுத்த முறை இழைக்கு முன்னரே சுவரிலுள்ள கம்பி உருகக்கூடும். கருவிகளைத் தனித்தியங்கச் செய்வது பக்க இணைப்பு. அவற்றின் கூட்டுச் சுமைக்கு எல்லை வகுப்பது தொடராக நிற்கும் அம்மெல்லிய இழை.