மாமனார் கூட்டிவந்த குடும்பம்

வேதபகுதி: யாத்திராகமம் 18:1-27



எத்திரோவின் ஆலோசனை என்றதும் ஆயிரம் பேருக்கு ஒருவர், நூறு பேருக்கு ஒருவர், பத்துப் பேருக்கு ஒருவர் என்ற ஒழுங்குதான் நம் ஞாபகத்துக்கு வரும். வேதாகமக் கல்லூரியில் நாங்களும் அதை நிர்வாகப் பாடமாகத்தான் படித்தோம். ஆனால் முதல் ஆறு வசனங்களைக் கவனியுங்கள். மோசே திருப்பி அனுப்பியிருந்த மனைவி சிப்போராளையும், பிள்ளைகள் இருவரையும் மாமனார் கூட்டிக்கொண்டு வருகிறார். முதலில் குடும்பம், அப்புறம்தான் ஆலோசனை.

1. ஊழியனும் தளருவான், ஜனமும் தளரும் (வச. 13-18)

காலை முதல் சாயங்காலம் வரை மோசே ஒருவனே உட்கார்ந்திருக்கிறான். பார்க்கிறவர்களுக்கு அது வைராக்கியம். எத்திரோ அதை நல்லதல்ல என்கிறார்.

தென்கொரியாவின் பாஸ்டர் யாங்கி சோவை நம்மில் அநேகர் அறிவோம். 1958-ல் கூடாரத்தில் ஆரம்பித்த சபையைப் பெரிய சபையாக்க வேண்டும் என்று ஓடினார். 1964-ல் பிரசங்க மேடையிலேயே மயங்கி விழுந்தார். படுக்கையில் கிடந்தபோது இந்த அதிகாரமே அவரைத் திருத்தியது. வீட்டு ஜெபக்குழுக்களைப் பிரித்து, பெரும்பாலும் சகோதரிகள் கையில் கொடுத்தார். அந்தச் சபை உலகத்திலேயே பெரிய சபையாக வளர்ந்தது.

2. பொருளாசையை வெறுக்கிறவன் (வச. 21)

எத்திரோ சொன்ன தகுதிகளில் இதுவும் ஒன்று. இதை விட்டால் என்ன ஆகும்? அதே சோவின் மகன் வைத்திருந்த பங்குகளைச் சபைப் பணத்தில் அதிக விலைக்கு வாங்கினார்கள் என்று, சபை மூப்பர்கள் சிலரே 2011-ல் புகார் கொடுத்தார்கள். சபைக்கு சுமார் 1,300 கோடி வான் நஷ்டம். 2014-ல் சியோல் நீதிமன்றம் சோவைக் குற்றவாளி என்றது, சிறைத்தண்டனையை நிறுத்திவைத்தது. 2017-ல் உச்ச நீதிமன்றமும் குற்றத்தை உறுதி செய்தது. 2021-ல் அவர் காலமானார். அவரை நியாயந்தீர்க்க இதை எழுதவில்லை. பாரத்தைப் பங்கிடக் கற்ற ஊழியனுக்கும் கணக்கு கேட்கிறவர்கள் வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

3. மோசே சொல் கேட்டான் (வச. 24)

தேவனோடு பேசினவன், ஆடு மேய்த்த வீட்டு மாமனாரின் சொல்லைக் கேட்டான். "கர்த்தர் எனக்கு நேரடியாகச் சொல்லுவார், நீ யாரு?" என்று கேட்கவில்லை. ஊழியக்காரனுக்கு முதல் எத்திரோ பெரும்பாலும் வீட்டிலேயே இருப்பாள். மனைவியின் மௌனத்தையும், "அப்பா எப்போ வருவாரு?" என்ற பிள்ளையின் கேள்வியையும் சாத்தானின் தடை என்று தள்ளிவிடாதிருங்கள்.

விசுவாசிகளே, உங்களுக்கும் பங்கு உண்டு. "அந்தச் சபையில ஐந்நூறு பேராம், நம்ம பாஸ்டர் என்ன பண்றாரு?" என்று பேசுகிற வாயும் ஊழியனை விரட்டுகிறது. கணக்கைக் கேளுங்கள்; பாரத்தைப் பங்கிடுங்கள்; வாரத்தில் ஒரு நாள் அவரைக் குடும்பத்துக்கு விட்டுக்கொடுங்கள்.

நம்ம மேச்சேரி செம்மறிக்குப் பேர்போன ஊர். குட்டி போட்ட ஆட்டை ஒரே நாளில் துரத்தி ஓட்டினால் என்ன ஆகும் என்று பட்டிக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். யாக்கோபும் அதையே சொல்லி, மந்தையும் பிள்ளைகளும் நடக்கிற நடைக்குத் தக்கதாகத் தானும் மெதுவாய் வருவேன் என்றான் (ஆதியாகமம் 33:13,14). நல்ல மேய்ப்பனின் வேகம் அதுதான்.

கர்த்தர் நம் ஊழியர்களையும், அவர்கள் குடும்பங்களையும், மந்தையையும் காப்பாராக. ஆமென்.