நம் உழைப்பும் பிறர் உழைப்பும்

நம்மவர்களில் கடை வைத்திருப்போர் இருவர் சந்தித்தால், ஸலாம் சொல்லி நலம் விசாரித்த கையோடு வரும் பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான்: "வேலைக்கு ஆள் சரியில்லை." சொன்னால்தான் செய்கிறான், கைப்பேசியை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை, அந்த வயதில் நாம் எப்படி உழைத்தோம் என்று பேச்சு நீண்டுகொண்டே போகும். இப்பேச்சில் பல ஆண்டுகள் நாமும் பங்கெடுத்தவர்களே. ஆகையால் உபதேசம் செய்யும் உயரத்தில் நின்று இதனை எழுதவில்லை என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டுகிறோம்.

அம்பாங்கில் நாம் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் ஒரு நாள், சுபுஹு நெருங்கும் வேளையில், தேத்தண்ணீர் போடும் தம்பி நின்றபடியே கண்ணயர்ந்து, கையிலிருந்த கிளாஸைக் கீழே போட்டுவிட்டார். சாப்பிட வந்திருந்தோர் முன்னிலையிலேயே கடிந்துகொண்டோம். "உன் வயசில் நான் பதினாறு மணி நேரம் நின்றவன்" என்பதும் அந்த ஏச்சில் ஒரு பகுதி. பள்ளிக்குப் போகும் வழியில் தேத்தண்ணீர் குடிக்க உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் நம்மை அருகில் அழைத்தார்.

"அது சரி தம்பி, நீங்க அப்போ யாரு கடையில நின்னீங்க?"

"மாமா கடையில்."

"மாமா உங்களுக்கு என்ன சொல்லியிருந்தாரு?"

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. நமக்கும் பதில் சொல்ல வாய் வரவில்லை. ஐந்து வருஷம் ஒழுங்காய் நின்றால் கடையில் ஒரு பங்கு என்று மாமா சொல்லியிருந்தார். சொன்னபடி கொடுத்தும் விட்டார். பதினாறு மணி நேரம் நின்றது மாமாவுக்காகவா? நாளை நமதாகப்போகும் கடைக்காக நின்றோம். நம் கடையில் நிற்கும் தம்பிக்கு அப்படி எந்த நாளையும் நாம் காட்டவில்லை.

நம் முன்னோரின் வழக்கத்தை இங்கே சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறிப் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கிய காலம் அது. முதலாளியும் வேலையாளும் ஒரே கடையின் மாடியில் பாய் விரித்துப் படுத்தார்கள். ஒரே சஹனில் சாப்பிட்டார்கள். வேலையாள் பெரும்பாலும் ஊர்க்காரர் அல்லது உறவுக்காரர். ஊர் திரும்பும்போது கணக்கு முடித்துக் கையில் பணம் கொடுப்பதும், நம்பிக்கையானவரைக் கூட்டாளியாகச் சேர்ப்பதும் பல கடைகளில் உண்டு. அக்காலத்தில் கொடுமையே இல்லை என்று சொல்ல மாட்டோம். சம்பளத்தை வருஷக்கணக்கில் இழுத்தடித்தவர்களும் இருந்தார்கள். ஆனாலும் அளவின்றி உழைத்தவனுக்கு, அதற்கு ஈடாக எதிர்பார்க்க ஏதோ ஒன்று இருந்தது.

இன்று நம் கடைகளில் நிற்போரில் பலர் வேற்று நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்தவர்கள். அந்தப் பெர்மிட் முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. அவர் இங்கே தனியாகக் கடை போடவோ கூட்டாளியாகவோ சட்டம் இடங்கொடாது. பழைய காலத்து உழைப்பை மட்டும் கேட்டுவிட்டுப் பழைய காலத்துப் பங்கை மறந்துவிட்டால், அது எந்தத் தராசு? குறைத்து அளப்போரைப் பற்றிய குர்ஆனின் எச்சரிக்கையைப் படிக்கும்போது அரிசியையும் துணியையும் மட்டுமே நாம் நினைக்கிறோம். தமக்கு வாங்கும்போது நிறைத்தும் பிறர்க்குக் கொடுக்கும்போது குறைத்தும் அளப்பவரே அங்கே கண்டிக்கப்படுகிறார். மணி நேரத்தை நிறைத்து வாங்கிச் சம்பளத்தைக் குறைத்துக் கொடுப்பவர் அதற்கு எப்படித் தப்புவார்?

இந்த அம்பாங்கின் கதையே இதற்கு ஒரு சாட்சி. 1857ல் ராஜா அப்துல்லா ஈயம் தோண்ட 87 சீனத் தொழிலாளரைக் கிள்ளான் ஆற்று வழியாக அனுப்பினார். ஒரு மாதத்திற்குள் 69 பேர் காய்ச்சலில் மாண்டார்கள். மிஞ்சியது 18 பேர். அடுத்து 150 பேர் அனுப்பப்பட்டார்கள். 1859ல் ஈயம் ஏற்றுமதியாயிற்று. கோலாலம்பூர் இப்படித்தான் தொடங்கியது. செத்தவர்களின் பெயர் நம்மில் யாருக்கும் தெரியாது.

இனி, நகருக்குள் லெபோ அம்பாங்குக்கு வருவோம். முன்னாளில் அது செட்டியார்களின் வட்டிக்கடைத் தெரு. வட்டி நமக்கு ஆகாது. அந்த வியாபாரத்தை நாம் மெச்சவில்லை. ஆனால் அவர்கள் ஆள் வைத்த முறையைப் பார்க்க வேண்டும். பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று படிகள் இருந்தன. ஏஜெண்டாகக் கடல் கடந்து வருபவருக்குத் தவணை மூன்று ஆண்டு. சம்பளம் இவ்வளவு என்பது புறப்படும் முன்பே முடிவாகிவிடும். தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்து ஊர் திரும்புவார். தம்மிடம் என்ன எதிர்பார்க்கப்படுகிறது, எதுவரை என்பது அவருக்குத் தெரியும். நம் கடைகளிலோ வாய்ச்சொல்லே பெரிது. "வா, பார்த்துக்கொள்ளலாம்" என்பதே நம் ஒப்பந்தம்!

மத்யன் நகரத்துச் சம்பவம் நம் வியாபாரிகள் பாடமாகப் படிக்கத்தக்கது. மூஸா நபி (அலை) அங்கே வந்தபோது, பெரியவரின் மகள், பலமும் நம்பிக்கையும் உள்ளவரே வேலைக்கு ஏற்றவர் என்றார். அந்தப் பெரியவர் வைத்த நிபந்தனையைக் கவனியுங்கள்: எட்டு ஆண்டு வேலை, பத்தாக நிறைவு செய்தால் அது உம் விருப்பம், உமக்குக் கஷ்டம் கொடுக்க நாடவில்லை என்பதே அது. மூஸா நபியும் இரண்டு தவணைகளில் எதை நிறைவேற்றினாலும் தம் மீது குற்றமில்லை என்று உறுதி செய்துகொண்டார். அவர் நிறைவேற்றியது நீண்ட தவணையே என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவித்துள்ளார். அந்த இரண்டு ஆண்டு அவராக மனமுவந்து கொடுத்தது. நாமோ அந்த இரண்டையும் எட்டுக்குள்ளே சேர்த்துக் கணக்கெழுதி, பிறகு "மனமுவந்து செய்யவில்லையே" என்று குறைப்படுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஜனவரி முதல் வாரத்திற்கு 45 மணி நேரம் என்றாயிற்று, முன்பு 48. ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு அரை மணி ஓய்வு, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, மிகுதி நேரத்திற்கு ஒன்றரை மடங்குக் கூலி. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்கும் குறைவாக வைத்திருப்போருக்கு அது ஆகஸ்டில் வந்தது. இவை வேற்று நாட்டாருக்கும் பொருந்தும்.

பெரியவர் போன பிறகு நாம் காகிதமும் பென்சிலுமாய் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். மாலை ஐந்து முதல் காலை ஐந்து வரை. ஒரு மணி ஓய்வு போக, 11 மணி நேரம். ஆறு நாளுக்கு 66. அதில் 45 போனால் மிகுதி 21. மாதம் 26 நாள், நாளுக்கு எட்டு மணி எனும் கணக்கில் 1,700 வெள்ளிக்கு ஒரு மணிக் கூலி 8 வெள்ளி 17 காசு. ஒன்றரை மடங்கு 12 வெள்ளி 26 காசு. வாரத்திற்கு 257 வெள்ளி. நான்கு வாரத்திற்கு ஏறக்குறைய 1,030 வெள்ளி. நாம் கொடுத்து வந்ததோ, பெருநாளைக்கு ஒரு சட்டையும் மாதம் 200 வெள்ளியும். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபிமொழியை மேடையில் பலமுறை எடுத்துப் பேசியவர்கள் நாம்!

வேலையாளுக்குக் கடமை இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. ஒப்புக்கொண்ட நேரம் அமானத். கல்லாப்பெட்டியும் சரக்கும் அமானத். நேரத்திற்கு வராதவரை, கைசுத்தம் இல்லாதவரைக் கேட்க முதலாளிக்குப் பூரண உரிமை உண்டு. ஆனால் தூக்கத்தையும் திருட்டையும் ஒரே குரலில் ஏசக்கூடாது. அது போகட்டும், "கண்ணால் பார்த்துச் செய்ய வேண்டாமா?" என்று நாம் சலித்துக்கொள்ளும் வேலைகளில் பாதி, நாம் ஒருநாளும் வாய் திறந்து சொல்லாதவை. மேசை துடைத்த துணியைக் கிளாஸ் துடைக்க எடுக்கக்கூடாது என்பதை அந்தத் தம்பிக்கு நாம் சொன்னது அவர் சேர்ந்து ஏழாம் மாதம். அதுவும் ஏச்சாகவே சொன்னோம்.

இப்பொழுது இரவு வேலையை இரண்டாகப் பிரித்திருக்கிறோம். ஓர் ஆள் கூடுதல். லாபம் குறைந்திருக்கிறது, மறைப்பானேன்? வேலை நேரம், ஓய்வு, சம்பளத் தேதி, மிகுதி நேரக் கூலி, ஜும்ஆவுக்கு யார் எந்த வாரம் போவது ஆகியவற்றைத் தமிழிலும் வங்காளியிலும் எழுதிக் கல்லாவுக்குப் பின்சுவரில் ஒட்டியுள்ளோம். முந்தைய மாதங்களுக்குக் கொடுக்க வேண்டியதை மாதம் 300 வெள்ளியாகத் தீர்த்து வருகிறோம். தம்பி முதல் மாதம் அதை வாங்க மறுத்தார். ஏதோ சம்பள முன்பணம், பின்னால் பிடித்துக்கொள்வார்கள் என்று பயந்துவிட்டாராம். கணக்கை வரி வரியாகக் காட்டிய பிறகே வாங்கிக்கொண்டார்.

அந்தத் தாளின் நகல் வேண்டுவோர் சங்கத்தின் அடுத்த மாதக் கூட்டத்தில் நம்மிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வங்காளி எழுத்தில் பிழை இருப்பதாக நம் கடைப் பையன்களே சொல்கிறார்கள். திருத்தித் தரக்கூடியவர் எவரேனும் இருந்தால் உடன் அழைத்து வாருங்கள்.