எட்டே விநாடி

ராஜபாளையத்துல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போற பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து பாருங்க. ஸ்பீடு பிரேக்கர் தாண்டும்போது சீட்டு நமக்கு முன்னாடியே கீழே இறங்கிவிடும், நாம் அந்தரத்தில்.

2024 மே 21, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எஸ்க்யூ 321. மியான்மர் வானில், காலை உணவு நேரம். பெல்ட் விளக்கு எரிந்து 8 விநாடிதான். ஜி மதிப்பு 1.35-லிருந்து மைனஸ் 1.5-க்குப் போனது. பூஜ்யம் என்றாலே மிதப்போம். மைனஸ் என்றால் கூரைதான். விமானம் இறங்கியதோ வெறும் 178 அடி. பயணி ஒருவர் இறந்தார், பலருக்குக் காயம்.

விமானிக்கு இதுதான் சிக்கல்: விளக்கை எப்போதும் எரியவிட்டால் யாரும் மதிக்க மாட்டாங்க, தாமதித்தால் டிராலியோடு நிற்கிற பணியாளருக்கு உட்காரக்கூட நேரமிருக்காது. முன்பு விளக்கு எரிந்தால் அந்த நிறுவனம் சூடான பானங்களை மட்டும் நிறுத்தும். இந்தச் சம்பவத்துக்குப் பிறகு சாப்பாட்டையும் நிறுத்தியது.