‘அமோனியா இல்லை’ என்றால் அலர்ஜி இல்லையா?

ஞாயிற்றுக்கிழமை தலைக்கு டை அடித்தவருக்குத் திங்கட்கிழமை பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. செவ்வாய் காலையில் பார்த்தால் இமை இரண்டும் வீங்கியிருக்கும். நெற்றி ஓரம் சிவந்து, காதுமடலில் நீர் கசியும். கருவாடு, கத்தரிக்காய், உடம்புச் சூடு, ஏதோ பூச்சிக்கடி என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். டையை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். அதுதான் முந்தாநாளே போட்டாயிற்றே!

இந்த ஒவ்வாமையின் சுபாவமே தாமதம்தான். தேனீ கொட்டினால் உடனே தடிப்பது ஒரு வகை. இது வேறு வகை. டையில் உள்ள ரசாயனத்தை அடையாளம் வைத்திருக்கும் வெள்ளணுக்கள் திரண்டு வந்து சண்டை போட 24 முதல் 72 மணி நேரம் ஆகும். தலைக்குப் போட்டால் கண் ஏன் வீங்குகிறது என்று கேட்பவர்கள் உண்டு. உச்சந்தலைத் தோல் தடிமனானது, அரிப்போடு தாங்கிக்கொள்ளும். இமைத் தோல்தான் உடம்பிலேயே மெல்லியது, எந்தத் தோல் தகராறும் அங்கேதான் பளிச்சென்று தெரியும்.

குற்றவாளியின் முழுப்பெயர் பாரா-பினைலீன்டயமின். சுருக்கமாக பி.பி.டி. நூறு வருஷத்துக்கு மேலாக நிரந்தரக் கறுப்புச் சாயங்களின் அடிப்படைச் சரக்கு இதுவும் இதன் உறவுக்காரர்களும்தான். பி.பி.டி. மிகச் சின்ன மூலக்கூறு, நிறம் இல்லாதது. முடிக்குள் சுலபமாக நுழையும். உள்ளே போனதும் பெராக்சைடோடு வினைபுரிந்து, பிற ரசாயனங்களோடு கைகோத்து, பெரிய நிற மூலக்கூறாக வளர்ந்து வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் பத்து முறை தலைக்குக் குளித்தாலும் சாயம் போவதில்லை. முடிக்குள் நுழையும் அதே சாமர்த்தியத்தால் தோலுக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2006-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக இதைத்தான் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில், கலந்து தலையில் பூசும் நிலையில் பி.பி.டி. 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

இதை மனதில் வைத்துக்கொண்டு, டையைப் பற்றி நம் ஊரில் உலவும் நம்பிக்கைகளைப் பார்க்கலாம்.

“அமோனியா இல்லாத டை வாங்கினால் போதும், அலர்ஜி வராது”

கடைகளில் அதிகம் விற்கும் நம்பிக்கை இதுதான். அமோனியாவின் வேலை முடியின் செதில்களைத் திறந்துவிடுவது. மூக்கைத் துளைக்கும், கண்ணில் தண்ணீர் வரவைக்கும், தலையில் எரிச்சல் தரும். ஆனால் எரிச்சல் வேறு, ஒவ்வாமை வேறு. எரிச்சல் கழுவினால் அடங்கும். ஒவ்வாமை கழுவி ஓரிரு நாள் கழித்துத்தான் ஆரம்பிக்கும். அமோனியாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பெரும்பாலும் எத்தனாலமைன் என்ற வாசம் குறைந்த காரத்தைச் சேர்க்கிறார்கள். பி.பி.டி. இருந்த இடத்திலேயே இருக்கலாம். ‘அமோனியா இல்லை’ என்பது பொய்யில்லை. நாம் கேட்க வேண்டிய கேள்விக்கு அது பதிலில்லை, அவ்வளவுதான்.

விலைக்கும் இதே கதைதான். பத்து ரூபாய் சாஷேயில் இருப்பதும் ஆயிரம் ரூபாய் டப்பாவில் இருப்பதும் ஒரே பி.பி.டி.யாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

“நான் மருதாணி டைதான் போடுகிறேன், இயற்கையானது”

மருதாணி இலையில் இருப்பது லாசோன் என்ற சாயப்பொருள். அதன் நிறம் செம்மஞ்சள். நரைமுடியில் போட்டால் செம்பட்டையாகத்தான் வரும். அதற்கு அலர்ஜி வருவது அபூர்வம். (ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் மட்டும் மருதாணி பூசவே கூடாது, ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்துவிடலாம்.) கறுப்பு வேண்டுமானால் மருதாணிக்கு மேல் அவுரிப்பொடி போட வேண்டும். அதாவது நீலச்சாயச் செடி. இரண்டுக்கும் சேர்த்து சில மணி நேரம் ஆகும். நிறம் முழுசாகப் பிடிக்க இன்னும் ஓரிரு நாள்.

அப்படியிருக்க, தண்ணீரில் குழைத்து அரை மணியில் கழுவினால் கறுகறுவென்று ஆகிவிடும் ‘பிளாக் ஹென்னா’ எப்படிச் சாத்தியம்? பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் மருதாணி இலை, நெல்லிக்காய், கரிசலாங்கண்ணிப் படம். பின்பக்கம் பொடி எழுத்தில் மூலிகைப் பெயர்களுக்கு நடுவே பி.பி.டி. உட்கார்ந்திருக்கும். சில பாக்கெட்டுகளில் 1,4-டயமினோபென்சீன் என்றோ 4-அமினோ அனிலின் என்றோ வேறு பெயரில் இருக்கும். ஆள் ஒன்றுதான். நிஜ மருதாணிப்பொடி பச்சையாக இருக்கும், வைக்கோல் வாசம் அடிக்கும், குழைத்த விரல் ஆரஞ்சாகும். பொடியே கருநிறமாக இருந்தாலோ, கிண்ணத்திலேயே விறுவிறுவெனக் கறுத்தாலோ அது இலை செய்யும் வேலை இல்லை. என்னைக் கேட்டால், இந்த ‘மூலிகை’ப் பாக்கெட்டுகள் சாதாரண டையைவிட மோசம். ரசாயனம் என்று தெரிந்து வாங்குபவர் கொஞ்சமாவது எச்சரிக்கையாக இருப்பார். மூலிகை என்று நம்புபவர் அரிக்கும்போதும் விடாமல் பூசிக்கொண்டிருப்பார்.

கல்யாண வீடுகளிலும் சுற்றுலாத் தலங்களிலும் கையில் போடும் கறுப்பு மெஹந்திக்கும் இது பொருந்தும். சீக்கிரம் கறுக்க வேண்டும் என்று அதில் பி.பி.டி.யை அளவில்லாமல் கலப்பவர்கள் இருக்கிறார்கள். எட்டு வயதில் கையில் போட்ட பூவேலை, முப்பது வயதில் முதன்முறை டை அடிக்கும்போது முகவீக்கமாகத் திரும்பி வரலாம்.

“இருபது வருஷமாக அடிக்கிறேன், எனக்கெல்லாம் ஒன்றும் ஆகாது”

நேர்மாறு. ஒவ்வாமை பிறவியில் வருவதில்லை, படப்படத்தான் உருவாகிறது. நூறு முறை சும்மா இருந்த உடம்பு நூற்றியோராவது முறை ‘போதும்’ என்று முடிவெடுக்கலாம். அந்த முடிவை அது பெரும்பாலும் மாற்றிக்கொள்ளாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் முன்பைவிடச் சீக்கிரமாகவும் கடுமையாகவும் வரலாம்.

“டை அடிக்கும் அன்று ஒரு அலர்ஜி மாத்திரை போட்டுக்கொண்டால் சரி”

இதைச் சலூனிலும் சொல்வார்கள், மெடிக்கல் ஷாப்பிலும் சொல்வார்கள். செட்ரிசின் போன்ற மாத்திரைகள் தடுப்பது ஹிஸ்டமின் என்ற பொருளை. தும்மலுக்கும் உடனடித் தடிப்புக்கும் அது சரி. டை அலர்ஜியை நடத்துவது வெள்ளணுக்கள். மாத்திரை அரிப்பை ஓரளவு மட்டுப்படுத்தலாம், அலர்ஜியை நிறுத்தாது. நெற்றி ஓரத்தில் தேங்காயெண்ணெய் தடவுவதும் கறை ஒட்டாமல் இருக்கத்தான்.

“மீசைக்கு மட்டும்தானே, கொஞ்சம்தானே”

பழைய டூத்பிரஷ்ஷில் தொட்டு மீசைக்கு இழுக்கும்போது முடியைவிடத் தோலில்தான் அதிகம் படும். அலர்ஜிக்கு அந்தக் கொஞ்சமே போதும். புருவத்துக்கும் இமைமுடிக்கும் பேச்சே வேண்டாம். 1933 வாக்கில் அமெரிக்காவில் ‘லாஷ் லூர்’ என்ற இமைச்சாயத்தால் பெண்கள் பார்வையை இழந்தார்கள். அங்கே அழகுசாதனங்களைக் கட்டுப்படுத்தும் 1938-ஆம் ஆண்டுச் சட்டம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

“முகம் கறுத்தது வெயிலால்”

நம் மாநிறத் தோலில் டை அலர்ஜி எப்போதும் சிவப்பாக, வீக்கமாக வருவதில்லை. அரிப்புகூட இல்லாமல் நெற்றி ஓரம், காதுக்கு முன்னால், கழுத்துப் பக்கவாட்டில் சாம்பல் கலந்த கருமை மெதுவாகப் படரும். சிலருக்கு எதிர்த்திசையில், டை பட்ட இடத்தில் வெண்திட்டு விழும். காரணம் தெரியாமல் கடையில் சிவப்பழகு கிரீம் வாங்கிப் பூசுவார்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் இன்னொரு கேடு. மாதாமாதம் டை மட்டும் தவறாமல் நடந்துகொண்டிருக்கும்.

“பி.பி.டி. இல்லாத டை என்றால் முழுப் பாதுகாப்பு”

இது பாதி உண்மை, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது. பி.பி.டி.யை எடுத்த இடத்தில் பல நிறுவனங்கள் போடுவது டொலுவீன்-2,5-டயமின். அதன் நெருங்கிய பங்காளி. பி.பி.டி. ஒத்துக்கொள்ளாதவர்களில் கணிசமானவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாது. அண்மைக் காலத்தில் மெதாக்சிமெத்தில் பி.பி.டி. என்ற மாற்றம் செய்த மூலக்கூறு வந்திருக்கிறது. புதிதாக அலர்ஜியை உண்டாக்கும் குணம் இதற்குக் குறைவு. இதுவரை அலர்ஜி வராதவர்களுக்கு நல்ல தேர்வு. ஏற்கெனவே வந்தவர்களில் சிலருக்கு இதுவும் தகராறு செய்யும்.

ஆக, ஒரு முறை முகம் வீங்கியவர் நிரந்தரச் சாயங்களின் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. அவருக்கு மிஞ்சுவது கலப்படமில்லாத மருதாணியும் அவுரியும், குளித்தால் போய்விடும் ஸ்டிக், ஸ்பிரே வகைகளும். அவற்றிலும் பின்பக்கம் படித்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். நாளாக ஆகத் தானாகக் கறுக்கும் ‘அதிசய’ எண்ணெய், திரவங்களில் ஒரு காலத்தில் ஈய அசிடேட் இருந்தது. பெயர் தெரியாத தயாரிப்பாளரின் சரக்கை நம்ப வேண்டாம்.

இதுவரை ஒன்றும் வராதவர்கள் செய்ய வேண்டியது டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளிலேயே இருக்கிறது. இந்திய விதிகளின்படி பி.பி.டி. உள்ள டையில் சோதனை முறையை அச்சிட்டே தீர வேண்டும். காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உட்புறத்திலோ சோப்புப் போட்டுக் கழுவிய சின்ன இடத்தில், சொல்லியபடி கலந்த டையைத் துளி வைத்துக் காயவிட வேண்டும். 24 மணி நேரம் கழித்துக் கழுவச் சொல்லியிருக்கும். கழுவிவிட்டு இன்னும் ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். அலர்ஜி தாமதமாக வருவது என்று பார்த்தோமே. ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும். ஒரு முறை அலர்ஜி வந்தவர்கள் இந்த வீட்டுச் சோதனையைச் செய்யவே கூடாது. அவர்களுக்குத் தோல் மருத்துவரிடம் செய்யும் பேட்ச் டெஸ்ட் உண்டு. 1 சதவீத பி.பி.டி.யை வாசலினில் கலந்து முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் விசாரித்துப் பாருங்கள்.

அலர்ஜி வந்துவிட்டால் தலையை அலசிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத் திணறினாலோ நாக்கு தடித்தாலோ நேராக அவசரப் பிரிவுக்கு. மொட்டை அடிக்கத் தேவையில்லை, முடியில் முழுதாகப் பிடித்துக் கழுவப்பட்ட சாயம் பொதுவாக அலர்ஜி செய்யாது. டை அடித்த பாக்கெட்டை மட்டும் உடனே குப்பையில் போட்டுவிடாமல் ஒரு வாரமாவது வைத்திருங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.