காய்ச்சல் இருக்கு, சளி இருமல் இல்லை: சிறுநீரைச் சோதிச்சுப் பார்த்தீங்களா?



ஒன்று முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தைகளுக்கு வருகிற ஒரு காய்ச்சலைப் பற்றியது இந்த மாதப் பாடம். குழுக் கூட்டத்தில் ஊக்குநர் இதை வாசித்துக் காட்டட்டும். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிற அம்மாக்களும் பாட்டிகளும் அவசியம் கேளுங்க.

குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் நாம் முதலில் என்ன பார்ப்போம்? மூக்கு ஒழுகுதா, இருமல் இருக்கா, வயிற்றால் போகுதா என்று பார்ப்போம். இது எதுவுமே இல்லாமல் உடம்பு மட்டும் கொதித்தால், "பல் முளைக்குது", "சூடு பிடிச்சிருக்கு", "எங்கேயோ பயந்திருக்கு" என்று சொல்லி விட்டுவிடுவோம். பல் முளைத்தால் ஈறு வலிக்கும், எச்சில் ஒழுகும். ஆனால் 102 டிகிரி காய்ச்சல் அதனால் வராது. இப்படிக் காரணம் தெரியாத காய்ச்சலில் சில, சிறுநீர்த் தொற்றாக இருக்கும். பெரியவங்களுக்கு வந்தால் "எரியுது, கடுக்குது" என்று சொல்லிவிடுவோம். ஒன்றரை வயசுக் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. நாம்தான் கண்டுபிடிக்கணும்.

இது எப்படி வருகிறது?

பெரும்பாலும் மலத்தில் இருக்கிற கிருமிகள்தான் காரணம். அவை சிறுநீர்த் துவாரம் வழியாக உள்ளே போய் சிறுநீர்ப்பையை அடைகின்றன. பெண் குழந்தைகளுக்குச் சிறுநீர்ப் பாதை குட்டை. அதனால் ஒரு வயதுக்கு மேல் அவர்களுக்கே அதிகம் வருகிறது. அதற்காக ஆண் குழந்தைக்கு வராது என்று நினைக்காதீங்க. பிறந்த முதல் சில மாதங்களில் ஆண் குழந்தைகளுக்குத்தான் அதிகம்.

கிருமி மேலே ஏறி சிறுநீரகத்தை, அதாவது கிட்னியைத் தாக்கும்போது கடும் காய்ச்சல் வருகிறது. வைத்தியம் தள்ளிப்போனால் சிறுநீரகத்தில் தழும்பு விழலாம். விழுந்த தழும்பு மறையாது. பல வருஷம் கழித்து இரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு என்று தொல்லை கொடுக்கலாம். பயப்பட வேண்டாம். சீக்கிரம் வைத்தியம் செய்தால் பெரும்பாலான குழந்தைகள் முழுசாகக் குணமாகிவிடும்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

* சளி, இருமல், வயிற்றுப்போக்கு இல்லாமல் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல்
* சிறுநீர் போகும்போது முகத்தைச் சுளிப்பது, வீறிட்டு அழுவது
* அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போவது
* சிறுநீரில் கெட்ட வாடை, கலங்கல், இரத்தம்
* வாந்தி, சாப்பிட மறுப்பது, வயிற்றைத் தொட்டால் அழுவது

காய்ச்சல் ஒன்று மட்டும் இருந்தாலும் போதும், 24 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் காட்டி, "சிறுநீர் டெஸ்ட் எடுக்கணுமா?" என்று நீங்களே கேளுங்க. கேட்பது தப்பில்லை.

டெஸ்ட் முதலில், மாத்திரை பிறகு

இந்தப் பாடத்தில் ஒன்றே ஒன்று ஞாபகம் வைப்பதாக இருந்தால் இதை வையுங்க. போன தடவை மிச்சமான ஆன்டிபயாடிக் சிரப்பையோ, மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கின மருந்தையோ கொடுக்காதீங்க. ஒரு வேளை கொடுத்தாலே சிறுநீரில் கிருமி அகப்படாமல் போகலாம். அப்புறம் என்ன கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று டாக்டருக்குத் தெரியாது.

சாதாரண சிறுநீர் டெஸ்ட் அன்றைக்கே தெரிந்துவிடும். கல்ச்சர் டெஸ்டுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை காத்திருக்காமல், சிறுநீர் எடுத்த பிறகு டாக்டர் மருந்தை ஆரம்பிப்பார்.

சிறுநீரை ஆஸ்பத்திரியிலேயே பிடிப்பது நல்லது. உங்க கையைக் கழுவுங்க. குழந்தையின் அந்த இடத்தையும் தண்ணீரில் கழுவித் துடையுங்க. தாய்ப்பாலோ தண்ணீரோ குடிக்க வெச்சுக் காத்திருங்க. முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதை, ஆஸ்பத்திரியில் கொடுத்த டப்பாவில் பிடியுங்க. டப்பாவின் உள்பக்கம் கை படக்கூடாது. உடனே கொடுத்துவிடுங்க. துணியில் பிழிந்ததும், வீட்டுக் கிண்ணத்தில் பிடித்ததும் சரியான முடிவு காட்டாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம். அளவு எடையைப் பொறுத்தது: ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம். கடையில் இரண்டு வகை சிரப் இருக்கு. 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ளது என்றால் 6 மில்லி, 250 உள்ளது என்றால் 3 மில்லி. பாட்டிலைப் படிக்காமல் ஊற்றினால் இரட்டிப்பாகிவிடும். படிக்கத் தெரியாதவங்க குழுவில் படித்தவரிடம் காட்டுங்க. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும், ஒரு நாளைக்கு 4 தடவைக்கு மேல் வேண்டாம். குழந்தையின் எடை அங்கன்வாடியில் தெரியும். நிமெசுலைட் மருந்து வேண்டவே வேண்டாம். 12 வயதுக்குக் கீழே அதைக் கொடுக்க 2011-லேயே நம் நாட்டில் தடை போட்டாங்க.

தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. தண்ணீர், கஞ்சி, இளநீர் அடிக்கடி கொடுங்க. கம்பளி போட்டு மூடாதீங்க. இளநீரும் தொப்புளில் வைக்கிற விளக்கெண்ணெயும் கிருமியைக் கொல்லாது. மந்திரிக்கணும் என்று மாமியார் சொன்னால், "சரிங்க அத்தை, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து மந்திரிச்சுக்கலாம்" என்று சொல்லுங்க.

டாக்டர் எத்தனை நாள் சொன்னாரோ அத்தனை நாளும் மருந்து கொடுக்கணும். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டதும் நிறுத்தினால் கிருமி திரும்பவும் தலை தூக்கும். 48 மணி நேரமாகியும் காய்ச்சல் குறையவில்லை என்றால் மறுபடி போய்க் காட்டுங்க. வயிற்று ஸ்கேன் எடுக்கச் சொன்னால் தட்டாதீங்க. சில குழந்தைகளுக்குச் சிறுநீர் கீழே போகாமல் சிறுநீரகத்துக்கே திரும்பும். பிறவியிலேயே வருகிற இந்தக் கோளாறு இருந்தால் தொற்று திரும்பத் திரும்ப வரும்.

உடனே ஓட வேண்டிய நேரம்

வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம், எதைக் கொடுத்தாலும் வாந்தி, குடிக்கவே மறுப்பது, 8 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, மூச்சு வாங்குவது. இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீங்க. மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலே ஓடணும். 108 ஆம்புலன்ஸுக்குக் காசு கிடையாது. மேலே எஸ்டேட்டில் இருக்கிறவங்க முதலில் ஏற்காடு அரசு மருத்துவமனைக்குப் போகலாம். அடிவாரத்தில் இருந்து சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்தான். ராத்திரியில் 20 கொண்டை ஊசி வளைவு இறங்குவதைவிட, பகலில் காய்ச்சல் தெரிந்தபோதே இறங்குவது நல்லது.

வராமல் தடுக்க

மலம் கழுவும்போது முன்னால் இருந்து பின்னால் கழுவுங்க. ஈரமான டயப்பரை உடனே மாற்றுங்க. மலச்சிக்கல் இருந்தால் சிறுநீர் முழுசாக வெளியேறாது. அதனால் கீரை, கொய்யா, வாழைப்பழம், நிறையத் தண்ணீர் கொடுங்க.

கூட்டத்தில் பேசி முடிவெடுங்க

1. காப்பி பறிக்கிற மாதங்களில் "ஒரு நாள் கூலி போயிடும்" என்று எத்தனை பேர் குழந்தையின் காய்ச்சலைத் தள்ளிப் போடுகிறோம்?
2. ராத்திரியில் அவசரம் என்றால் துணைக்கு யார் வருவது? வண்டி யாரிடம் இருக்கு?
3. குழந்தை வைத்தியத்துக்கு, அடுத்த கூட்டம் வரை காத்திருக்காமல் அன்றைக்கே உள்கடன் கொடுக்கத் தீர்மானம் போடலாமா?

மூன்றாவது கேள்விக்குப் பதில் "சரி" என்றால், தீர்மான நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. நம்ம சேமிப்பு நம்ம குழந்தைக்கு உதவட்டும்.

கள ஒருங்கிணைப்பாளர்